நம் கூரையின் கீழ் வாழும் கூட்டாளி: அமெரிக்க வரிப் படிவத்தில் அவர் பெயரை எழுதலாமா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், அமெரிக்காவில் பணிபுரியும் மஹல்லாவாசிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்று, பகல் உணவுக்கு நேரம் நெருங்கும் வேளையில் வருமான வரியைப் பற்றிப் பேச எழுந்து நிற்பவர்களை எவரும் விரும்பமாட்டார்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் செயலாளர் அவர்கள் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. விடுமுறையில் நாங்கள் ஊர் திரும்பும்போதெல்லாம், பள்ளிவாசல் வாசலிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த தந்தையர் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "என் மகன் வீட்டில் அவன் கூட்டாளி ஒருவன் தங்கியிருக்கிறான். வேலை இல்லை. வாடகை, சாப்பாடு எல்லாம் என் மகன் தலையில்தான். அந்த நாட்டு வரியில் அதற்குச் சலுகை உண்டாமே, மெய்தானா?"

மெய்தான். ஆனால் அந்தச் சலுகை நம்மவர்கள் நினைக்குமளவு பெரிதும் அன்று, எளிதும் அன்று. அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டத்தில் நாம் எழுதும் பெயர் இன்னொருவருடைய பெயர். அதை எழுதுவதால் அவர் கைக்கு வரவேண்டியது நின்றுபோகவும் கூடும். அப்படி ஒன்று எங்கள் கையாலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் இங்கு வந்தோம். அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

நாங்கள் கணக்காயர்கள் அல்லர். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், படிவம் நிரப்பத் தெரியாத நம்மவர்களுக்கு ஓய்வு நாட்களில் உட்கார்ந்து உதவி செய்து பழகியவர்கள், அவ்வளவே.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, ஒருவரைச் சார்ந்து வாழ்பவர் யார் என்பதை வரையறுக்கிறது. அதில் இரு வகையினர் உண்டு. ஒன்று, 'தகுதியுள்ள பிள்ளை'. மற்றொன்று, 'தகுதியுள்ள உறவினர்'. இந்த இரண்டாவது பெயர்தான் பலரையும் மயக்கிவிடுகிறது. உறவினர் என்று பெயர் வைத்துவிட்டு, சட்டம் அந்த வாசலைக் கூட்டாளிக்கும் திறந்தே வைத்திருக்கிறது. இரத்தத் தொடர்போ திருமணத் தொடர்போ சிறிதும் இல்லாத ஒருவர், ஆண்டு முழுவதும் நம் வீட்டில் நம் குடும்பத்தின் ஓர் அங்கமாக வாழ்ந்திருந்தால், ஏனைய நிபந்தனைகளும் பொருந்துமாயின், அவரும் 'தகுதியுள்ள உறவினர்' ஆகிவிடுகிறார். அந்த உறவு நிலை உள்ளூர்ச் சட்டத்துக்கு முரணானதாக இருக்கக்கூடாது என்ற ஒரு வரியும் அதில் உண்டு. வேலையிழந்த கூட்டாளியைத் தங்கவைத்திருப்பவர்க்கு அதைப் பற்றிய கவலை வேண்டாம்.

இங்கே நம் ஊர் உறவுமுறைகளைக் கொண்டு ஒரு விளக்கம் சொன்னால் நன்கு விளங்கும். பெற்றோர், உடன்பிறந்தார், பாட்டன் பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார், உடன்பிறந்தாரின் பிள்ளைகள், மாமனார் மாமியார், மருமகன் மருமகள் ஆகியோர் சட்டத்தின் உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள். இவர்கள் நம்முடன் ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நாம் 'மச்சான்' என்று ஒரே சொல்லால் அழைப்பவர்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அக்காளின் கணவரும் மனைவியின் உடன்பிறந்தாரும் பட்டியலுக்குள் வருகிறார்கள். மாமாவின் மகனும் மாமியின் மகனும் வருவதில்லை. சாச்சா மகனும் அப்படியே. ஒரே முற்றத்தில் விளையாடி, ஒரே தட்டில் உண்டு வளர்ந்த சாச்சா மகன், அந்நாட்டு வரிச் சட்டத்தின் பார்வையில் வழியில் அறிமுகமான கூட்டாளிக்குச் சமமானவரே. அவர் பெயரை எழுத வேண்டுமாயின் அவரும் ஆண்டு முழுவதும் நம் கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் என்றால் ஜனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் கடைசி நாள் வரை. பிப்ரவரியில் பெட்டியோடு வந்து சேர்ந்தவருக்கு அந்த ஆண்டு கணக்கில் இடமில்லை, பதினோரு மாதம் சோறு போட்டிருந்தாலும் சரியே. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள், படிப்புக்காக வெளியூரில் தங்கிய நாட்கள், விடுமுறைப் பயணம் போன்ற தற்காலிகப் பிரிவுகளைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை, அவர் திரும்பிவரும் வீடு நம் வீடாகவே இருக்கும்வரை. ஆண்டின் நடுவே அவர் இறந்துபோனால், இறக்கும் நாள் வரை நம்முடன் இருந்ததே போதுமானது.

அடுத்தது வருமானம். 2025ஆம் ஆண்டுக்கு அந்தக் கூட்டாளியின் மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். 2024இல் இது 5,050 டாலர். 2020இலும் 2021இலும் 4,300 டாலர். ஆண்டுதோறும் இது சிறிது மாறுவதால், சென்ற ஆண்டின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுதல் கூடாது. இங்கே 'மொத்த வருமானம்' என்பதைக் கவனிக்க வேண்டும். செலவு போக மிஞ்சியது அன்று. வரி விதிப்புக்கு உட்பட்ட வகையில் கைக்கு வந்தது முழுவதும். வேலையிழந்த ஒருவர் சில மாதங்கள் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டி 6,000 டாலர் ஈட்டினார் என்று கொள்வோம். பெட்ரோலுக்கும் பழுதுபார்க்கவும் 2,500 போய்விட்டது, கையில் நின்றது 3,500தான் என்று அவர் சொல்வது உண்மையே. ஆயினும் இந்த நிபந்தனைக்கு எடுத்துக்கொள்ளப்படுவது 6,000 டாலர். அவர் தகுதி இழந்துவிடுகிறார். நாம் அன்பளிப்பாகக் கொடுக்கும் பணம் மட்டும் அவருடைய வருமானத்தில் சேராது.

அதன் பின்னர் பராமரிப்புச் செலவு. அவருடைய ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் நாம் செய்திருக்க வேண்டும். சரிபாதி போதாது. இதைக் கணக்கிடுவதில் நம்மவர்கள் இரு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் தங்குமிடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'சும்மா கிடந்த அறைதானே' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அறையை அந்நியர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுவே நாம் செய்த செலவாகும். சொந்த வீடாக இருந்தாலும் அப்படியே. வீட்டுக் கடன் தவணையை வைத்துக் கணக்கிடக் கூடாது.

வேறு சிலர் தங்கள் செலவை மட்டும் கூட்டிவிட்டு, கூட்டாளி தம் சேமிப்பிலிருந்து செய்த செலவை மறந்துவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். அறைக்கு மாதம் 600 டாலர் வீதம் 7,200. சாப்பாட்டில் அவர் பங்கு மாதம் 250 வீதம் 3,000. உடை, தொலைபேசி, மருந்து வகையில் 1,200. ஆக நாம் செய்தது 11,400 டாலர். அவர் தம் பழைய சேமிப்பிலிருந்து 4,000 டாலர் எடுத்துத் தமக்கென்று செலவிட்டிருந்தால், மொத்தம் 15,400. அதில் பாதி 7,700. நாம் அதைத் தாண்டிவிட்டோம். அதே மனிதர் சேமிப்பிலிருந்து 12,000 டாலருக்கு ஒரு பழைய கார் வாங்கினார் என்று வையுங்கள். அதுவும் அவருடைய பராமரிப்புச் செலவே. அப்போது மொத்தம் 23,400, பாதி 11,700. நம்முடைய 11,400 எட்டவில்லை. வங்கியில் அவர் தொடாமல் வைத்திருக்கும் பணம் இந்தக் கணக்கில் வராது. அரசு தரும் உணவு உதவி வரும். அதை அரசு செய்த செலவாகக் கொள்ள வேண்டும். கல்லூரியில் படிக்கும் கூட்டாளிக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் வரும். நம் சொந்தப் பிள்ளையாக இருந்தால் உதவித்தொகையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. கூட்டாளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இருவர் சேர்ந்து மூன்றாமவரைத் தாங்கினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். எவரும் தனியாகப் பாதியைத் தாண்டாமல், சேர்ந்து தாண்டியிருந்தால், பத்து விழுக்காட்டுக்கு மேல் செலவு செய்த ஒருவர் மற்றவர்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று எழுதிக்கொள்ள 2120 என்ற படிவம் இருக்கிறது. வயதான பெற்றோரைத் தாங்கும் உடன்பிறந்தாரே பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகின்றனர். வாடகையைப் பங்கிட்டு வாழும் இளைஞர்கள் இந்த வழியில் இறங்குமுன், அனுபவமுள்ள வரி ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிடுவது நலம். யாருடைய வீட்டில் யார் அங்கம் என்ற கேள்வி அங்கே எழும்.

இவ்வளவும் பொருந்தினாலும் நம்மவர்களில் பெரும்பாலோர் தட்டி விழுகிற படி இனிமேல்தான் வருகிறது. சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடியுரிமை உடையவராகவோ, வரிச் சட்டப்படி அமெரிக்க வாசியாகவோ, அல்லது கனடா, மெக்சிகோ நாடுகளில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் கூட்டாளிக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறவர் இந்த ஒரு வரியோடு படிவத்தை மூடிவிடலாம். ஊரில் இருக்கும் பெற்றோருக்கே இடமில்லை எனும்போது கூட்டாளிக்கு ஏது? (கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கிடைத்த இந்தச் சலுகை நம் ஊர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று எங்களில் ஒருவர் ஆண்டுதோறும் குறைபட்டுக்கொள்வார். குறைபட்டு என்ன பயன்?)

நம்முடனேயே தங்கியிருக்கும் மாணவரின் நிலை இன்னும் நுட்பமானது. எஃப்-1 விசாவில் படிக்க வந்தவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அங்கே தங்கும் நாட்கள், வரி வாசியா இல்லையா என்று தீர்மானிக்கும் நாட்கணக்கில் சேர்வதில்லை. 2021 ஆகஸ்டில் முதன்முறையாக வந்திறங்கியவருக்கு 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகள் இப்படியே கழிகின்றன. அந்த ஆண்டுகளில் கிரீன் கார்டு போன்ற வேறு வகையில் அவர் வரி வாசி ஆகியிருந்தாலன்றி, எவ்வளவுதான் நாம் தாங்கியிருந்தாலும் அவர் பெயரை எழுத இயலாது. படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டு நம் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளில் பலர் இந்த வகையினரே. கிரீன் கார்டு உள்ளவர், எச்-1பி விசாவில் வந்து நாட்கணக்கு நிறைந்தவர் ஆகியோருக்கு இந்தத் தடை இல்லை.

இன்னும் சில நிபந்தனைகளும் உள்ளன. நம்மையே வேறொருவர் சார்ந்திருப்பவராக எழுதக்கூடிய நிலையில் நாம் இருந்தால், நாம் எவரையும் எழுத முடியாது. அந்தக் கூட்டாளி இன்னொருவருக்குத் தகுதியுள்ள பிள்ளையாக இருத்தலும் ஆகாது. திருமணமானவராயின், தம் துணைவருடன் கூட்டுக் கணக்குத் தாக்கல் செய்பவராகவும் பொதுவாக இருக்கக்கூடாது.

சரி, இத்தனை வாசல்களையும் கடந்தால் கிடைப்பது என்ன? ஐந்நூறு டாலர். 2017 வரை இது வேறு விதமாக இருந்தது. சார்ந்திருப்பவர் ஒருவருக்கு 4,050 டாலரை வருமானத்திலிருந்தே கழித்துக்கொள்ளலாம். 25 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு அது ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் மிச்சம். 2017 இறுதியில் இயற்றப்பட்ட சட்டம் அந்தக் கழிவை நிறுத்திவிட்டு, 2018 முதல் வரியிலேயே 500 டாலர் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதையே நிலைப்படுத்திவிட்டது. கட்டவேண்டிய வரி இருந்தால் அதில் 500 குறையும். வரியே இல்லாதவருக்கு அந்த 500 கையில் பணமாக வராது. தனி நபருக்கு 2,00,000 டாலருக்கும், கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் கொடுப்பவர்களுக்கு 4,00,000 டாலருக்கும் மேல் வருமானம் போனால் அதுவும் தேயத் தொடங்கும். 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் கிடைக்கும் குறைந்த வரி விகிதத்தையும் சிலர் எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் தங்கியிருப்பதால் மட்டுமே தகுதி பெறும் கூட்டாளியைக் காட்டி அதைக் கோர முடியாது.

இனி, நாங்கள் சொல்ல வந்த செய்தி.

எங்கள் வட்டத்தில் ஒரு சகோதரர் இருக்கிறார். திருமணம் ஆகாதவர். அவருடைய இளமைக்காலக் கூட்டாளி ஒருவர் கிரீன் கார்டு பெற்று 2019 நவம்பரில் வந்து அவர் வீட்டிலேயே தங்கினார். 2020 ஜனவரியில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலையும் கிடைத்தது. மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கோடு அந்த வேலை போயிற்று. எஞ்சிய ஆண்டு முழுவதும் வீட்டு வாடகை, உணவு, மருந்து எல்லாவற்றையும் சகோதரரே பார்த்துக்கொண்டார். ஒரு நாளாவது முகம் சுளித்தார் என்று சொல்ல முடியாது.

2021 பிப்ரவரியில் வழக்கம்போல் நாங்கள் படிவம் நிரப்ப உட்கார்ந்தோம். "இவரை எழுதலாமே" என்று முதலில் சொன்னவர்கள் நாங்கள்தான். கூட்டாளியைப் பார்த்து, "உங்களுக்கு வருமானம் ஏதும் உண்டா?" என்று கேட்டோம். "இல்லை காக்கா" என்றார். அன்றைய தேதியில் அது உண்மை. நாங்கள் கேட்டிருக்க வேண்டியது, சென்ற ஆண்டில் என்ன வந்தது என்பதை. கிடங்கில் அவர் மூன்று மாதங்களில் ஈட்டியது ஏறக்குறைய 6,200 டாலர். அதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பியிருந்தார். சம்பளத்திற்கான டபிள்யூ-2 படிவம் உறை பிரிக்கப்படாமலே அவர் பெட்டியில் கிடந்தது. 2020இன் வரம்பு 4,300 டாலர். அவர் சார்ந்திருப்பவராக இருக்கவே முடியாது. நாங்கள் எழுதிவிட்டோம்.

ஐந்நூறு டாலரோடு அது நின்றிருந்தால் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கமாட்டோம். அந்த ஆண்டுகளில் அமெரிக்க அரசு மக்களுக்கு நிவாரணத் தொகை வழங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மார்ச் மாதச் சட்டத்தின்படி வயது வந்தோர் ஒருவருக்கு 1,200 டாலர் வரை; அந்த ஆண்டு டிசம்பர் சட்டத்தின்படி 600 டாலர் வரை. இவ்விரண்டும் பிறரைச் சார்ந்து வாழும் வயது வந்தோருக்குக் கிடையாது. முன்னரே பெறாதவர்கள் 2020ஆம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து அவற்றைப் பெறலாம் என்று வழி வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர் என்பதால் பழைய கணக்கு எதுவும் இல்லாத அந்தக் கூட்டாளிக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். 1,800 டாலர் அவருக்கு உரியது. எங்கள் பேனாவின் ஒரு கீறலில் அது அடைபட்டுப் போயிற்று.

மூன்றாவது தொகை 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தலைக்கு 1,400 டாலர். இம்முறை சார்ந்திருப்பவர்களுக்கும் உண்டு, ஆனால் அது அவர்களை எழுதியவரின் கணக்கில் வந்து சேரும். அப்படியே வந்தது. சகோதரர் தமக்குரியதோடு இன்னொரு 1,400 டாலர் வந்திருப்பதைக் கண்டு எங்களைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான், என்ன நடந்தது என்று தேடத் தொடங்கினோம். அதே வாரத்தில் கூட்டாளி தம் டபிள்யூ-2 படிவத்தைக் கண்டெடுத்து, கணினி வழியே கணக்குத் தாக்கல் செய்ய முயன்றார். அவருடைய எண் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் சார்ந்திருப்பவராகப் பதிவாகியுள்ளது என்று கணக்குத் திருப்பப்பட்டது.

சகோதரர் அன்றே அந்த 1,400 டாலரைக் கூட்டாளியின் கையில் கொடுத்துவிட்டார். 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் நிரப்பி, 500 டாலரையும் அதற்கான சிறு வட்டியையும் அரசுக்குத் திருப்பிக் கட்டினார். ஆனால் கூட்டாளிக்குரிய 1,800 டாலர் உடனே வரவில்லை. அவருடைய கணக்கைத் தாளில் எழுதி அஞ்சலில்தான் அனுப்ப முடிந்தது. அந்த ஆண்டு வரித்துறை அலுவலகங்களில் தாள் கணக்குகள் மலைபோல் தேங்கிக் கிடந்தன. பல மாதங்கள் ஓடின. ஊரில் அவருடைய தாயாருக்குக் கண் அறுவை செய்ய நாள் குறித்திருந்தார்கள். அந்தப் பணத்தை நம்பியே குறித்தது. நாள் தள்ளிப்போயிற்று. அவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ணும்போது அந்தப் பேச்சு எழாமலே இருந்ததுதான் எங்கள் சகோதரருக்குப் பெரிய பாரமாக இருந்தது. கடைசியில் கைமாற்று வாங்கி அறுவை நடந்தேறியது.

இந்த நிவாரணத் தொகைகள் அந்த ஆண்டுகளோடு முடிந்துபோனவைதான். ஆயினும், எழுதப்படுகிறவர் கணக்கிலும் ஒரு கூட்டலோ கழித்தலோ உண்டு என்பது இன்றும் மாறவில்லை. சார்ந்திருப்பவர் தம் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, பிறர் தம்மை எழுத முடியும் என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். அவருக்குரிய அடிப்படைக் கழிவு சுருங்கிவிடும். அவர் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படிப்பவராக இருந்தால், கல்விக்கான வரிச் சலுகையைக் கோரும் உரிமை எழுதியவரிடம் போய்விடும். மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் அவர் தம் பெயரில் அரசின் பிரீமிய உதவியைப் பெற முடியாது. ஆகவே, இப்போது எங்களிடம் வருபவர்களிடம் நாங்கள் முதலில் படிவத்தைப் பிரிப்பதில்லை. கூட்டாளியையும் உடன் அழைத்துவரச் சொல்கிறோம். இருவர் கணக்கையும் அருகருகே வைத்து, எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று இரண்டு முறை போட்டுப் பார்க்கிறோம். அவருடைய சென்ற ஆண்டுச் சம்பளச் சீட்டுகளைக் கேட்கிறோம், இப்போது வருமானம் உண்டா என்று கேட்பதில்லை. எல்லா நிபந்தனைகளும் பொருந்தினாலும் அவர் பெயரை எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை.

ஐந்நூறு டாலரைவிடப் பெரிய பயன் ஒன்று இந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கூட்டாளி நோயுற்று, அவருடைய மருத்துவமனைச் செலவை நாம் கட்டினால், அதை நம்முடைய மருத்துவச் செலவோடு சேர்த்துக் காட்டலாம். இதற்கு அவருடைய வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. ஏனைய நிபந்தனைகள் பொருந்தினால் போதும். நம் வருமானத்தில் ஏழரை விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் கழிவு கிடைக்கும் என்பதும், செலவுகளை இனம் இனமாகக் காட்டுபவர்களுக்கே பயன் என்பதும் உண்மை. 2025இல் தனி நபரின் அடிப்படைக் கழிவே 15,750 டாலராக இருக்கும்போது, சிறு செலவுகளுக்கு இதனால் பயனில்லை. ஆனால் அந்நாட்டு மருத்துவமனைக் கட்டணங்கள் சிறு செலவுகள் அல்லவே! பணத்தைக் கூட்டாளியின் கையில் கொடுக்காமல் மருத்துவமனைக்கே நேராகக் கட்டுவது இன்னொரு வகையிலும் நல்லது. ஒருவருக்கு ஓராண்டில் கொடுக்கும் அன்பளிப்பு 19,000 டாலரைத் தாண்டினால் (இது 2025ஆம் ஆண்டின் அளவு) அதற்கெனத் தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவமனைக்கோ, கல்விக் கட்டணமாகக் கல்லூரிக்கோ நேராகக் கட்டும் பணம் இதில் சேராது.

கூட்டாளிக்குச் செய்த உதவியை ஸதகா, ஜகாத் என்ற வகையில் நன்கொடைக் கழிவாகக் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். தனி மனிதர் ஒருவர் கையில் நேராகக் கொடுத்ததை அந்த நாட்டு வரிச் சட்டம் நன்கொடையாக ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்திற்குக் கொடுத்தால் மட்டுமே அந்தக் கழிவு.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. இந்திய வருமான வரிச் சட்டத்தில் சார்ந்திருப்பவர் என்ற வகையில் கிடைக்கும் கழிவுகளில் கூட்டாளிக்கு இடமே இல்லை. அதோடு, உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வாங்கினால், அந்த முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகக் கொள்ளப்படும். திருமண அன்பளிப்பு போன்ற சில விலக்குகள் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் தருவதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கேயும் சாச்சா மகன் உறவினர் ஆகமாட்டார். அமெரிக்காவில் இருக்கும் கூட்டாளி வீடு கட்டப் பணம் அனுப்பினார் என்று மகிழ்ந்திருப்பவர்கள், அது கடனா அன்பளிப்பா என்பதை இருவரும் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கலாகாது. தெரியாமல் செய்த தவறைத் திருத்திக்கொள்ளலாம், நாங்கள் செய்தது போல. விதிகளை அலட்சியம் செய்து கோரினார் என்று வரித்துறை முடிவு செய்தால் இரண்டு ஆண்டுகளுக்கும், மோசடி என்று முடிவு செய்தால் பத்து ஆண்டுகளுக்கும் அந்தச் சலுகையைக் கோர முடியாதபடி தடை விதிக்கும். சொந்தப் பிள்ளைகளுக்கான வரிச் சலுகையும் அதே தடைக்குள் வந்துவிடும். அபராதம் தனி. எனவே, வாடகை ஒப்பந்தத்தில் கூட்டாளியின் பெயர், அந்த முகவரிக்கு அவர் பெயரில் வந்த கடிதங்கள், வாடகை, மருத்துவக் கட்டண இரசீதுகள் ஆகியவற்றைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

நாளை காலை பஜ்ருக்குப் பின்னர் மதரஸா மேல்மாடியில் நாங்கள் இருப்போம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வரலாம். சந்தேகமுள்ளவர்கள் அங்கிருந்தே அவர்களை அழைத்துக் கொடுத்தாலும் சரி. பிள்ளை வீட்டில் தங்கியிருக்கும் கூட்டாளி எந்த மாதம் அங்கு வந்தார், எந்த விசாவில் இருக்கிறார், சென்ற ஆண்டு ஒரு நாளாவது சம்பளத்திற்கு வேலை செய்தாரா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் அந்தக் கூட்டாளியையும் தொலைபேசியில் பேச வையுங்கள். வஸ்ஸலாம்.